இரண்டாவது வரிசை, இடது பக்கம்

சீட்டு சுடுகிறது என்று கெசியா சொன்னபோது வண்டி தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

"மே மாசத்துல சீட்டு சுடாம ஜில்லுனா இருக்கும்?" என்றார் சுந்தர்ராஜ், ஸ்டியரிங்கைத் திருப்பியபடி.

"வண்டி ஷெட்டுலதாம்பா நின்னுது. இது அடியிலேர்ந்து சுடுது. இட்லிப் பானை மேல ஒக்காந்த மாதிரி."

"எழுந்துக்காத, இன்னும் வேகல" என்றான் பக்கத்து இருக்கையிலிருந்த அவள் தம்பி நெல்வின்.

சுந்தர்ராஜ் வண்டியை ஓரம் கட்டினார். ஓடும் வண்டியில் சீட்டைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவரே மீறக் கூடாது. இறங்கி, நடு வரிசையின் இடப்பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். இருக்கையின் விளிம்பில் இருக்கும் சூட்டுப் பொத்தானில் மூன்று சிவப்புப் புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன. மூன்று என்றால் முழுச் சூடு. ராணிப்பேட்டையில் காலை எட்டரைக்கே காக்கைகள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது.

"இத யாரு போட்டது?"

நெல்வின் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். கெசியா ஆராதனைக்குக் கட்டிய புதுச் சேலையைத் தடவி ஈரமாகிவிட்டதா என்று பார்த்தாள். முன்னிருக்கையில் இருந்த அவர் மனைவி ஜெபகனி பைபிள் உறையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"யாருதாவது கை பட்டிருக்கும்" என்றாள்.

அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு புள்ளி. மூன்று புள்ளிக்கு மூன்று முறை அழுத்த வேண்டும். ஒருமுறை பட்டால் கை பட்டது என்று சொல்லலாம். மூன்று முறை பட்டால் அதற்குப் பெயர் வேறு. வண்டி எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினாலும் கடைசியாக வைத்த சூட்டை அது மறப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை அதை வேலூருக்கு ஓட்டிப்போய் வந்தவள் ஜெபகனி. ஆராதனையில் ஆயர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். சுந்தர்ராஜ் வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசித்தார்.

வேலூர்ப் பக்கம் வெய்யில் காய்வதற்குக் காசு கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் சூடேறும் சீட்டு வைத்த வண்டி வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சுந்தர்ராஜ் வேலை பார்க்கும் வக்கார் அகமதுவின் தொழிற்சாலை கார் இருக்கைகளுக்கான தோல் செய்து குளிர்நாடுகளுக்கு அனுப்புகிறது. எத்தனை சூடு பட்டாலும் எங்கள் தோல் விறைக்காது, வாடை வராது என்று வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுவதற்காக, கம்பெனியின் ஏழு பேர் வண்டியில் எல்லா சீட்டுக்கும் தங்கள் தோலையே போட்டு, அடியில் சூட்டுத் தகடும் வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டே தலையாட்டினார்கள். கம்பெனி புது வண்டி வாங்கியபோது பழையது சுந்தர்ராஜுக்கு வந்தது. அந்தத் தோலை எல்லாம் மேசையில் விரித்துப் பார்த்துப் பொறுக்கியவரும் அவர்தான். இருபத்தாறு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு என்று மாடு உயிரோடு பட்டதை எல்லாம் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டு, தரம் பிரிப்பது. மேலே எத்தனை வழவழப்பாகச் சாயம் ஏற்றினாலும் அடியில் ஏதோ இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவருக்குச் சந்தேகமில்லாத ஒரே விஷயம் அதுதான்.

வண்டி வந்த வாரத்தில், குடும்ப ஜெபம் முடிந்ததும் கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு எடுத்தார். பின் வரிசையை மடக்குமுன் தலைச்சாய்ப்பை இறக்க வேண்டும். மடக்கும்போது கீல் பக்கம் விரல் போகக் கூடாது. சீட்டை நகர்த்திய பிறகு உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, அடியிலுள்ள தண்டவாளத்தில் பூட்டுப் பல் விழுந்துவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குக் கேட்பாயா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஜெபகனி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியலில் அவர் மெழுகுப் பென்சிலோடு ஷெட்டுக்குப் போனார். ஏழு சீட்டுகளின் தண்டவாளத்திலும் சீட்டு நிற்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டார். சாய்வு மடங்கும் கீலிலும் போட்டார். ஓட்டுநர் சீட்டை மட்டும், ஜெபகனி ஓட்டும்போது வைக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போட்டார். ஆறு மணிக்கு ஜெபகனி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ், காலை ஷிப்ட். மூன்று மணிக்கு முடியும். ராணிப்பேட்டை வந்துசேர முக்கால் மணி நேரம். ஆனால் கொஞ்ச நாளாக அவள் வருவது ஐந்துக்குத்தான். "அடுத்த ஷிப்டுக்காரிக்கு சார்ஜ் குடுக்க லேட்டாகுது" என்று சொல்வாள். சார்ஜ் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றால் அந்த வார்டில் நாட்டையே ஒப்படைக்கிறார்களா என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தார். இடப்பக்க நடு சீட்டு பழைய இடத்துக்கே வந்திருந்தது. ஆனால் கோட்டுக்கு ஒரு பல் தள்ளி. கடைசி வரிசையை யாரோ மடக்கி நிமிர்த்தியிருந்தார்கள். சூட்டுப் பொத்தானில் இன்றைக்குப் புள்ளி ஒன்றும் இல்லை. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது. அணைக்க மறக்கிறவள் ஒரு ரகம். அணைக்க நினைவு வைத்துக்கொள்கிறவள் வேறு ரகம்.

தோலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். உட்கார்ந்தால் விழும் மடிப்பு வேறு, படுத்தால் விழும் மடிப்பு வேறு. இது படுத்த மடிப்பு. கடைசி வரிசையை மடக்கி, நடு சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்தால் கட்டில் மாதிரி ஆகிவிடும். அதில் யாரோ நாள்கணக்காகப் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

ஓட்டுநர் சீட்டின் கோடு மட்டும் மயிரிழைகூட அசையவில்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், மேல் தட்டிலிருந்த குக்கரை எடுக்க ஜெபகனி கையை உயர்த்தினாள். ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவே, இடுப்பின் பின்பக்கம் பழுப்பும் சிவப்புமாக வலை பின்னியதுபோல் ஒரு தடம் தெரிந்தது. கடிபட்டதல்ல, கீறலும் அல்ல. அவர் தம்மை அறியாமல் விளக்கு வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி தலையைச் சாய்த்தார்.

"இன்னாங்க பாக்கறீங்க, தோலு பாக்கற மாதிரி?"

"ஒண்ணுமில்ல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குக்கரைக் கழுவப் போய்விட்டாள். அவர் ஷெட்டுக்குப் போய்க் கையேட்டை எடுத்தார். பதினெட்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. சூட்டு இருக்கையை நெடுநேரம் தொடர்ந்து பயன்படுத்தினால், சூடு குறைவாக இருந்தாலும், தோலில் தடம் விழலாம். வலி மரத்துப்போனவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வகுப்பு எடுத்தபோது இந்தப் பக்கத்தை அவர் தாண்டிவிட்டிருந்தார். வேலூர்ப் பக்கம் இது யாருக்குத் தேவைப்படும் என்று.

ஆக, படுத்தது அவள்தான். வேறு ஒருவனாக இருப்பான் என்று மூன்று நாளாக மனதில் உருட்டியதெல்லாம் வீண். சுந்தர்ராஜுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, அரை நிமிஷம் இருந்தது. அவள் நடு வரிசையில் படுத்திருந்தால் வண்டியை ஓட்டியது யார்? ஓட்டுநர் சீட்டு நகரவில்லை. அப்படியானால் ஓட்டியவன் சரியாக ஜெபகனியின் உயரம். ஐந்தடி இரண்டு அங்குலம். அந்த ஆஸ்பத்திரியில் ஐந்தடி இரண்டு அங்குலத்தில் ஓர் ஆண்பிள்ளையை அவருக்குத் தெரியும். மருந்துக் கிடங்கில் வேலை செய்யும் ஹேமந்த். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து, கேக் ரொம்ப நல்லா இருக்கு சிஸ்டர் என்று இரண்டு முறை சொன்னவன். ஒருமுறை சொன்னால் மரியாதை.

மறுநாள் காலை தொழிற்சாலையில், எதிர்மேசையில் நின்று தோல் பார்க்கும் வாஹித் பாஷாவிடம் விஷயத்தைத் தன் மச்சான் வீட்டில் நடந்ததாகச் சொன்னார். பாஷா ஒரு தோலைத் திருப்பிப் போட்டபடி முழுவதையும் கேட்டார்.

"சீட்டு நகரல. அதனால ஓட்டனவன் குள்ளன். ஒம் மச்சான் போலீசுல இருக்க வேண்டியவன் ராஜு."

"சிரிக்காத பாய். பின்னால ஒருத்தர் படுத்தா முன்னால ஒருத்தர் ஓட்டணும்ல?"

"ஓடற வண்டிக்குத்தான்யா டிரைவர். நிக்கற வண்டிக்கு எதுக்கு?"

"நிக்கற வண்டில போய் யாராவது படுப்பாங்களா? வீட்ல கட்டில் இருக்கு."

பாஷா தோலின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "மச்சான் அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டா பேஜார் முடிஞ்சிது. கேட்டானா, இல்லையா?"

சுந்தர்ராஜ் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லை. கோடு போட்டார், தடவிப் பார்த்தார், பதினெட்டாம் பக்கம் படித்தார். கேட்கத் தோன்றவே இல்லை. தோலை யாரும் கேள்வி கேட்பதில்லை. திருப்பிப் பார்ப்பதுதான் முறை.

"மச்சானுக்கு மதியம் லீவு வேணும்" என்றார்.

"போய்ட்டு வரச் சொல்லு" என்றார் பாஷா. "தொப்பி போட்டுக்கினு போகச் சொல்லு. வெயில் ஜாஸ்தி."

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஊழியர்கள் வண்டி நிறுத்தும் மைதானம். தகரக் கூரைக்கடியில் இடம் பிடிக்காதவை வெயிலில் நின்றன. அவர்கள் வண்டி வெயிலில் நின்றது. சுந்தர்ராஜ் பஸ்ஸிலிருந்து இறங்கி, இளநீர்க்காரரின் வண்டிக்குப் பின்னால் இடம் பிடித்து, மறைந்து நிற்பதற்கு வாடகையாக இரண்டு இளநீர் குடித்தார்.

மூன்றே கால் மணிக்கு ஜெபகனி வந்தாள். தனியாக. இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, படி இறங்குகிறவள்போல் ஒவ்வோர் அடியாக. வீட்டில் அவள் அப்படி நடந்து அவர் பார்த்ததில்லை. எஞ்சினைக் கிளப்பி ஏசியைப் போட்டுவிட்டு, பின்கதவைத் திறந்தாள். கடைசி வரிசையின் தலைச்சாய்ப்பை இறக்கினாள். விரலைக் கீலுக்கு எட்டாமல் வைத்து நாடாவை இழுத்து மடக்கினாள். சுற்றி வந்து நடு சீட்டைப் பின்னால் தள்ளி, அதில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். பல் விழுந்துவிட்டதா என்று. அத்தனையும் வகுப்பில் சொன்னபடி, சொன்ன வரிசையில். சந்தேகத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்த சுந்தர்ராஜுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது.

கதவு சாத்தப்பட்டது. இனி அவன் வர வேண்டும்.

பத்து நிமிஷத்தில் ஹேமந்த் வந்தான். தலைக்கவசம் போட்டிருந்தும் உயரத்தை வைத்து அடையாளம் தெரிந்தது. சுந்தர்ராஜ் இளநீர்க் காயைக் கீழே வைத்தார். ஹேமந்த் வண்டியைத் தாண்டி நடந்து, தன் ஸ்கூட்டரை எடுத்து, உதைத்துக் கிளப்பி, வாயில் காவலாளியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஒருமுறைகூட வண்டிப் பக்கம் திரும்பவில்லை. பார்த்துவிட்டு ஒளிவதற்குக்கூட அக்கறை இல்லாதவனாக இருந்தான். சுந்தர்ராஜுக்கு ஏமாற்றமாக இருந்தது. எதற்கு ஏமாற்றம் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. இளநீர்க்காரர் மூன்றாவதைச் சீவட்டுமா என்று கேட்டார். இவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு மைதானத்தைக் கடந்து நடந்தார்.

கண்ணாடிக்கு அருகே கையைக் குவித்து வைத்துப் பார்த்தார். ஜெபகனி படுத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். தூங்குகிறாள் என்று முதலில் நினைத்தார். கண் திறந்திருந்தது. வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் ஒன்றுமில்லை. கையில் போன் இல்லை, பைபிள் இல்லை. முகத்தில் புருவத்துக்கு நடுவே எப்போதும் இருக்கும் அந்தக் கோடு இல்லை; அது தோலோடு பிறந்தது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

இடுப்பு வலிக்கு வீட்டில் ஒத்தடப் பை இருக்கிறது. தைலம் இருக்கிறது. கட்டில் இருக்கிறது, அதில் மெத்தை போன வருஷம் மாற்றியது. தெருவில் ஐந்து நிமிஷம் நிற்க முடியாத வெயிலில், ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, இவள் இங்கே வந்து படுக்கிறாள். வலிக்குது என்று சொன்னால் எங்கே வலிக்குது, எப்போலேர்ந்து, எதைத் தூக்கினே, ஏன் தூக்கினே, திரும்பு பாக்கலாம் என்று அவர் ஆரம்பித்திருப்பார். ஆரம்பித்தால் எப்படிப் போகும் என்று அவருக்கே தெரியும். உள்ளே ஒருவன் இருந்திருந்தால் கதவைத் திறந்து கேட்பதற்கு ஒரு கேள்வியாவது இருந்திருக்கும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியைத் தயாரித்து வைத்திருந்தார். இப்போது அதைக் கேட்க ஆள் இல்லை.

ஜெபகனி முகத்தைத் திருப்பினாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த அவர் முகத்தைப் பார்த்தாள். பதறவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்யவும் இல்லை. வார்டில் பார்வை நேரம் முடிந்த பிறகும் நிற்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் புன்னகைக்க முயன்று, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

அவள் மெல்ல எழுந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முன்னிருக்கைகளுக்கு நடுவே எட்டிச் சாய்ந்து, ஓட்டுநர் கதவில் இருந்த பொத்தானை அழுத்தினாள். நான்கு கதவுகளிலும் ஒரே நேரத்தில் 'டக்' என்று கேட்டது. பிறகு திரும்பிப் போய், முன்போலவே படுத்து, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த வண்டியில் பூட்டினாலும் அதே சத்தம்தான், திறந்தாலும் அதே சத்தம்தான். அவள் வந்ததுமே பூட்டிக்கொண்டிருந்தால் இப்போது திறந்திருக்கிறாள், இல்லையென்றால் இப்போதுதான் பூட்டியிருக்கிறாள்; எது என்று அவர் கவனித்திருக்கவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு ஆம்புலன்ஸ் சங்கு ஊதாமல் பின்வாங்கியது. சுந்தர்ராஜ் கதவின் கைப்பிடியில் கையை வைத்தார். அது கொதித்தது. கையை எடுக்காமல், இழுக்காமல், அப்படியே நின்றார்.