தட்டில் ஓடிய சொட்டு

அன்று மாலை நாலரை மணிக்குச் சமையலறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அண்ணி மோனிகா அடுப்புக்கு எதிரே நின்றிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் தரையில், உரித்த தக்காளித் தோலுக்கு நடுவே நான். அம்மா மீனம்பாள் வாசற்படியில். அண்ணன் அன்புச்செல்வன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அண்ணியின் போனை நோண்டிக்கொண்டிருந்தான். எஸ்.பி. அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் முதலில் வைத்தேன். யார் எதைப் பார்த்திருக்க முடியும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

தொண்டூர் நிலத்துத் தக்காளி, இரண்டு பெட்டி. வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து, அரைத்து, விதை போக வடிகட்டி, இரண்டு மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கெட்டியாக ஆக ஆகச் சாஸ் வெடித்துத் தெறிக்கும். அண்ணியின் முன்கையெல்லாம் கொப்புளம். பதம் பார்க்க அவளுக்கு ஒரு வழி உண்டு. எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்ப்பாள். ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும். நின்றால் இறக்கலாம்.

"பாத்தியா கலை, ஓடல. வினிகர எடு" என்று தட்டை என்னிடம் நீட்டினாள்.

போன் அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான். "அக்கா, டிபன் கடைலேர்ந்துக்கா. இன்னும் ஆறு பாட்டில் வேணும். உங்க கைப்பக்குவமே தனிக்கா."

"யாருடி அவன்? இன்னா கைப்பக்குவத்தப் பாத்தான்?" என்றான் அண்ணன்.

"சாஸ் வாங்கறவன். நீயுந்தான் நேத்து அர பாட்டில் நக்கின. உன்ன நான் கேட்டனா?"

அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் அவனை எழுப்பியது என்று நினைக்கிறேன். அண்ணியின் கையிலிருந்த மரத்துடுப்பைப் பிடுங்கினான். முதல் அடி தோளில். துடுப்பிலிருந்த சாஸ் சுவரிலும் அவள் முகத்திலும் தெறித்தது. இரண்டாவது காதுக்கு மேலே. ஈர விறகு பிளக்கிற சத்தம். மூன்றாவது அடி, அவள் தரையில் கிடந்தபோது.

எதிர்வீட்டு ஜெயக்கொடி அக்கா ஓடி வந்தார். "ஐயையோ, ரத்தம்!"

"ரத்தம் இல்லக்கா, சாஸு. வழுக்கி வுழுந்துட்டா" என்றான் அண்ணன், மூச்சிரைக்க.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அண்ணியின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். தட்டு இன்னொரு கையிலேயே இருந்தது. அவள் முடியிலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்தது. பதம் பார்த்த சொட்டு நின்ற இடத்தில் நின்றது. இது ஓடியது.

"சாஸ்தாங்க்கா" என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "நான் பயந்தே பூட்டேன். தொடச்சிட்டுப் படுக்க வைங்க."

துடைத்தோம். துணியைப் பிழியப் பிழியச் சிவப்பு நிற்கவில்லை. ஆறேகாலுக்கு அவள் வாந்தி எடுத்த பிறகுதான் ஆட்டோ வந்தது.

ஒன்பது நாளாக அண்ணி கண் திறக்கவில்லை. வழுக்கி விழுந்ததாக அண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறான். சாட்சி ஜெயக்கொடி அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைச் சொன்னார்.

கடிதத்தை மடிக்கும்போது அம்மா வந்து நின்றாள். "அவன உள்ள வெச்சா அவ எழுந்து வந்துருவாளா? நீயுந்தான்டி சாஸுன்ன. உன்னையும் சேத்து இட்டுனு போவாங்க."

"அதையும் எழுதிட்டேம்மா."

மூன்றாம் பக்கம், எண் பதினொன்று: தட்டில் ஓடியதைப் பார்த்தேன், பார்த்தும் சாஸ் என்று சொன்னேன். அந்த ஒரு வரியை அடித்தல் இல்லாமல் எழுத நாலு தாள் வீணானது.

செஞ்சி தபாலாபீசில் பசை வறண்டு கிடந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தேன். உறையின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. என்னையறியாமல் உறையைச் சாய்த்தேன். ஓடவில்லை. மடித்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, ஸ்பீட் போஸ்ட் ஜன்னலுக்குள் நீட்டினேன்.