நாலாவது கிலோமீட்டர் ஊற்று

என் தங்கை தண்ணீரில்லாத மலை முகட்டில் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள் என்பதும், அவளை அப்படி அனுப்பி வைத்தவள் நான்தான் என்பதும், காலை பத்தேகால் மணிக்கு ஒரு டிரைவர் என்னைக் கிண்டல் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் டிப்போவில் எனக்கு அட்டவணை போடும் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே நிற்கும், எப்போது திரும்பும் என்பதெல்லாம் என் மேஜையிலிருந்துதான் போகும். அன்றைக்கு ஜன்னலில் வந்து நின்றவருக்கு டிப்போவில் ஹாரன் என்று பெயர். ஆளே இல்லாத ரோட்டிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற மனிதர். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

"மேடம், திரும்பி வர்ற ட்ரிப்ல, கிளம்பின இருபதாவது நிமிஷம் டீசல் போடணும்னு இருக்கு. பங்க் நம்ம ஊர்ப் பக்கம்தானே இருக்கு? அங்க நடுக்காட்டுல வண்டிய நிறுத்திட்டு நான் யார்கிட்ட டீசல் கேக்குறது, ஆட்டுக்குட்டிகிட்டயா?"

பக்கத்து மேஜைகளில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். மனுஷன் சொன்னது சரிதான். போகிற ட்ரிப்பின் அட்டவணையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பித்தான் வருகிற ட்ரிப்புக்குப் போட்டிருந்தேன்.

"ஊர்ப் பேரையெல்லாம் திருப்பிட்டேன், நேரத்தையும் திருப்பிட்டேன். டீசலைத் திருப்ப மறந்துட்டேன். அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கத்திக்கொண்டே பேனாவை எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

போன வாரம் இன்னொரு அட்டவணையையும் இதே மாதிரி தலைகீழாகத் திருப்பியிருந்தேன். அது பஸ்ஸுக்குப் போட்டது அல்ல.

நானும் தங்கையும் ஆறு வருஷமாக ஒரு நெடும் மலைப் பாதையை நடந்து வருகிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் நடக்க இரண்டு மாதம் லீவு வேண்டும், எங்களுக்கு எவன் கொடுப்பான்? அதனால் கிடைக்கிற மூன்று நாள், நாலு நாள் லீவில் துண்டு துண்டாக நடக்கிறோம். இது பதினாலாவது துண்டு. நடப்பது இரண்டு பேர், திட்டம் போடுவது நான் ஒருத்தி. எந்த பஸ்ஸில் போய் இறங்குவது, எந்தக் குடிலில் படுப்பது, எங்கே ஏற்றம், எங்கே தண்ணீர், நடுவில் கால் பிசகினால் எந்த ஒற்றையடிப் பாதையில் ரோட்டுக்கு இறங்குவது என்று ஒரு நாளைக்கு ஒரு தாள் அடித்து, மடித்து அவள் கையில் கொடுத்துவிடுவேன். அவள் அதைக் கேள்வி கேட்டதே கிடையாது. பிரசவ வார்டில் நர்ஸ் அவள். சார்ட்டில் எழுதியிருந்தால் செய்வாள், எழுதவில்லையென்றால் செய்ய மாட்டாள். சின்ன வயதிலிருந்து என் பின்னாலேயே சுற்றியதால் வீட்டில் அவளுக்கு வால் என்று பெயர்.

இந்தத் தடவை என் முட்டி வீங்கிவிட்டது. "லீவு போட்டாச்சுக்கா, நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றாள். எப்போதும் தெற்கிலிருந்து வடக்காகத்தான் நடப்போம். தெற்கு முனைக்கு பஸ் விடிகாலை ஐந்து மணிக்கு. இவளுக்கு ஷிப்ட் முடிவதே ஏழு மணிக்கு. வடக்கு முனைக்குப் பத்து மணிக்கு வசதியாக ஒரு பஸ் இருந்தது. சரி, வடக்கிலிருந்து தெற்காக நட என்று, ஏற்கனவே அடித்து வைத்திருந்த தாள்களைத் திருப்பிப் போட்டேன். குடில்களைத் திருப்பினேன். ஏற்றத்தை இறக்கமாக மாற்றினேன்.

போனை எடுத்து, இன்றைக்கு அவள் நடக்கிற இரண்டாம் நாள் தாளைத் திறந்தேன். இரண்டு குடில்களுக்கு நடுவே இருபத்தொரு கிலோமீட்டர் மொட்டை முகடு. ஒரு மரம் கிடையாது. வழியில் ஒரே ஒரு ஊற்று. தெற்குக் குடிலிலிருந்து வந்தால் நாலாவது கிலோமீட்டரில் இருக்கிறது. வடக்குக் குடிலிலிருந்து வந்தால் பதினேழாவது கிலோமீட்டர். தாளில் நான் தடித்த எழுத்தில் அடித்திருந்தது இதுதான்: ஒரு லிட்டர் போதும், அதிகம் சுமக்காதே. நாலாவது கிலோமீட்டரில் ஊற்று.

காலை ஆறு மணிக்கு வடக்குக் குடிலிலிருந்து அவள் அனுப்பிய செய்தியையும் திறந்தேன். 'கிளம்பியாச்சு. ஒரே லிட்டர்தான். ரொப்பி வச்ச மூணு லிட்டரைத் தொட்டியிலேயே திரும்பக் கொட்டிட்டேன். திட்டாதே.' சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன், பாவி.

அவளைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி கூப்பிட்டேன். முகட்டில் சிக்னல் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும், அதையும் தாளில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஏழு தடவை கூப்பிட்டேன். மலை மீட்புப் படைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஆளுங்க எல்லாரும் இன்னொரு விபத்துல இருக்காங்கம்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் அங்க வர முடியும். ஒருவேளை அவங்களே குடிலுக்குத் திரும்பியிருப்பாங்க" என்றார்.

திரும்பியிருக்கலாம். யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். நாலாவது கிலோமீட்டரில் ஊற்று இல்லையென்றால் பின்னால் நாலே கிலோமீட்டரில் தொட்டி நிறையத் தண்ணீர். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் திரும்பியிருந்தால் கூப்பிட்டிருப்பாள். குடிலில் சிக்னல் உண்டு, காலைச் செய்தி அங்கிருந்துதானே வந்தது? மணி பத்தே முக்கால். அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஜன்னலில் ஹாரன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"என்னாச்சு மேடம்? மொகமே செத்துப் போச்சு."

சொன்னேன். குழறிக் குழறித்தான் வந்தது. அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "நடுவுல ஏறிப் போக வழி இருக்கா?"

இருந்தது. ரோட்டிலிருந்து முகட்டுக்கு மூன்று கிலோமீட்டர் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. வடக்குக் குடிலிலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டரில் போய்ச் சேரும். 'உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்' என்று நானே அதன் பக்கத்தில் விளையாட்டாக எழுதியிருந்தேன்.

"நம்ம கார்ல போலாம், என் டூட்டி முடிஞ்சுடுச்சு. அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு வாங்கிக்கிறேன். எழுந்திரிங்க."

இரண்டு மணி நேரம் ஓட்டினார். ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் சுட்டது. இந்த வெயிலில் ஒரு லிட்டர் எத்தனை மணி நேரம் வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, எட்டு மணிக்கே தீர்ந்திருக்கும் என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு என்ன சொல்வது? 'உன் சின்ன பொண்ணை நான் நாலுக்கும் பதினேழுக்கும் நடுவுல விட்டுட்டேன்' என்றா?

பாதை ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கியபோது மணி ஒன்று. என் முட்டி முதல் வளைவிலேயே பேச ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு அடியாக, கையால் தொடையை அழுத்தி அழுத்தி ஏறினேன். ஹாரன் தோளுக்கு ஒரு கேனாக முன்னால் போனார். இருபது வருஷம் சீட்டில் உட்கார்ந்தே பழகிய உடம்பு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

"நீங்க உக்காருங்க மேடம், நான் போய்ப் பாக்குறேன்."

"உங்களுக்கு வழி தெரியாது. பேசாம நடங்க."

"வழி ஒண்ணுதானே இருக்கு, மேல."

"நடங்கன்னு சொல்றேன்ல!"

பாவம், எனக்காக வந்த மனிதரிடம் எரிந்து விழுந்தேன். அழுதால் கால் நின்றுவிடும், அதனால் அழவும் இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்றாகிவிட்டது. முகடு இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. காற்று மட்டும் உஷ்ணமாக அடித்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஹாரனும் தன் பங்குக்கு அடித் தொண்டையிலிருந்து கத்தினார். பதில் இல்லை. இந்த இடத்தைத் தாண்டி ஊற்றுப் பக்கம் போய்விட்டாளா, இன்னும் வடக்கேதான் இருக்கிறாளா? தப்பான பக்கம் போனால் ஒவ்வொரு அடியும் அவளிடமிருந்து தூரமாகப் போகும். மறுபடியும் நான் ஒரு திசையைச் சொல்ல வேண்டும். வாயே வரவில்லை. புழுதியில் ஷூ தடம் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். தெற்கே போன தடம் ஒன்றுகூட இல்லை.

"வடக்கே" என்றேன்.

அரை மணி நேரம் நடந்திருப்போம். ஹாரன் சட்டென்று நின்றார். பாதையோரத்தில் ஒரு பை கிடந்தது. அவளுடைய பச்சைப் பை, பக்கத்தில் அவள் தொப்பி. ஆள் இல்லை. பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில் மூடியில்லாமல் கவிழ்ந்து கிடந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. சரிவில் எட்டிப் பார்க்கத் தைரியம் வராமல், அந்தப் பையைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹாரன்தான் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமலே சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கினார். "மேடம், உசிரோட இருக்காங்க! வாங்க!" என்ற சத்தம் வந்ததும் எனக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

காய்ந்த ஓடை போல ஒரு பள்ளம். அதில் ஒரு பாறை போட்ட முழ நிழலில் முழங்காலிட்டு, சாப்பிடுகிற ஸ்பூனால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை ஆழத்துக்குக் குழி. அதுவும் சுத்தமாகக் காய்ந்திருந்தது. உதடெல்லாம் வெடித்து, முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை. நான் அங்கே வந்து நிற்பது அவளுக்கு இயல்பாகத்தான் பட்டிருக்கிறது.

கேனைச் சரித்து மூடியில் ஊற்றினேன். பாதி கீழே போனது.

"ஒரேடியா குடுக்காத" என்றாள், நாக்குப் புரளாமல். "வாந்தி வரும். கொஞ்சம் கொஞ்சமா."

அந்த நிலைமையிலும் நர்ஸ். மூடி மூடியாகக் கொடுத்தேன். ஹாரன் தன் சட்டையைக் கழற்றி நனைத்து அவள் தலையில் போட்டார். கால் மணி நேரம் கழித்து அவள் கண்ணில் தெளிவு திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக அழுதாள்.

"சாரிக்கா. ஊத்தைத் தவற விட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "என்னடி சொல்ற?"

"நாலாவது கிலோமீட்டர்லன்னு தெளிவா எழுதியிருந்த. நான்தான் எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டுத் தாண்டி வந்துட்டேன் போல. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஆறு தடவை நடந்தேன். ரெண்டு பக்கமும் பள்ளத்துல எறங்கித் தேடினேன். அப்புறம் கிலோமீட்டரை நான் தப்பா எண்ணிட்டேனோன்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வந்தேன்."

"குடிலுக்குத் திரும்பியிருக்கலாம்ல? பக்கத்துலதானே தண்ணி இருந்துச்சு!"

"எதுக்குத் திரும்பணும்? நீதான் ஊத்து இருக்குன்னு எழுதியிருக்கியே."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். வேர்வையில் நனைந்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அந்தத் தடித்த வரியின் அடியில் மட்டும் நகத்தால் கீறிக் கீறிக் கோடு விழுந்திருந்தது. எத்தனை தடவை படித்திருப்பாளோ! ஹாரன் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றார்.

"நான் தப்பா எழுதிட்டேன்டி" என்றேன். "திருப்பிப் போடும்போது ஊத்தை மட்டும் மாத்தல. அது பதினேழுல இருக்கு. இங்க எங்க தோண்டினாலும் வராது."

அவள் தலையை ஆட்டினாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு வெடித்து ரத்தம் வந்தது.

"எனக்காகச் சொல்ற. நீ தப்பா எழுத மாட்டே."

"எழுதினேன்! சத்தியமா எழுதினேன்! அதைத்தான் சொல்றேன்."

"சரிக்கா."

"சரியில்லடி! கேளு நான் சொல்றதை. உன்னைக் கொன்னிருப்பேன் நான். இனிமே நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் நம்பாத. மேப்பை எடுத்து நீயே ஒரு தடவை பாரு. கேட்டியா? என்னை நம்பாத!"

என் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, அவள் மடியிலேயே தலையை வைத்து ஓவென்று அழுதுவிட்டேன். அவள் தோண்டித் தோண்டி நகம் பிய்ந்த கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள், பிரசவ வலியில் கத்துகிறவர்களை அமைதிப்படுத்தும் அதே பொறுமையோடு.

"சரி, சரி, அழாத. அடுத்த துண்டுக்கும் நீயே உக்காந்து எழுதிக் குடு, என்ன? வேற யார் எழுதினாலும் எனக்குப் பயமா இருக்கும்க்கா."