கறுப்பு ஃப்ளாய்

குதிரைக்கறி என்பதைச் சாப்பிடும் முன்பே சொல்லிவிடுவதா, தட்டு காலியான பிறகு சொல்வதா என்பதில் எனக்கும் ஊர் சுற்றிக் காட்டுகிற ஃபீனுக்கும் ஓயாத தகராறு. வாராவாரம் போல அந்த வியாழக்கிழமையும் அவள் சுற்றுலாக் கூட்டத்தை என் கடைக்குள் ஓட்டிக்கொண்டு வந்து நீள மேசையில் உட்கார வைத்தாள். நான் புளிக்கறியை உருளைக்கிழங்கு வறுவலோடு கொண்டுவந்து வைத்த மறுநிமிடமே, “மெதுவா சாப்பிடுங்க, போன வாரம் வரைக்கும் ஓடிட்டு இருந்தது” என்றாள். ஒரு பெண்மணி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். முந்தின நாளே காடியில் ஊறப்போட்ட கறி அது. ஆப்பிள் பாகு ஊற்றி, மசாலா கேக்கை உதிர்த்துப் போட்டு, அடி பிடிக்காமல் மதியம்வரை கிளறிக்கொண்டு நின்றவன் நான். அந்தத் தட்டு அப்படியே சமையலறைக்குத் திரும்பி வந்தால் எனக்கு வயிறு எரியாதா?

ஆனாலும் ஃபீனிடம் கோபம் நிற்காது. மாஸ்ட்ரிக்ட் ஊரில் எதை எந்தத் தெருவில் தின்ன வேண்டும் என்பது அவளைப் போல யாருக்கும் தெரியாது. நாற்றமடிக்கும் பாலாடைக்கட்டியை எந்தக் கடையில் மூக்கைப் பிடிக்காமல் வாங்கலாம், கடுகு எந்த ஆலையில் இன்னும் கல்லில் அரைபடுகிறது, எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். கடைசியாக ரொட்டிக்கடையிலிருந்து ஃப்ளாய் வாங்கி வந்து என் கடையிலேயே காப்பியோடு பரிமாறுவாள். ஈஸ்ட் போட்ட மாவை வட்டமாகத் தட்டி, மேலே பழமோ பால்சோறோ நிரப்பிச் சுடுகிற ஃப்ளாய் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் உண்டு. செர்ரி, ஆப்ரிகாட், பால்சோறு என்று அவள் வரிசையாக வெட்டி வைப்பாள். கறுப்பை மட்டும் கடைசியில்தான் கொண்டுவருவாள்.

“எங்க ஊர்ல யாராவது உங்கள வீட்டுக்குக் கூப்பிட்டு இத வெச்சாங்கன்னா, வாயில போடறதுக்கு முன்னாடி அந்த வீட்ல யார் குறையறாங்கன்னு எண்ணிப் பாருங்க.”

கூட்டம் சிரிக்கும். உலர்ந்த ப்ளம் பழத்தை வேகவைத்து மசித்து நிரப்பிய அந்தக் கறுப்பு ஃப்ளாய் எங்களுக்குத் துக்க வீட்டுப் பண்டம். சவ அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி மேசையில் உட்காரும்போது அதுதான் நடுவில் இருக்கும். ஃபீன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்ததைச் சொல்லுவாள்.

“எங்கம்மா செத்தப்ப நான் இத வாங்கல. செர்ரியும் ஆப்ரிகாட்டும் வாங்கி வெச்சேன். எங்கக்கா அன்னிக்குக் கோட்ட மாட்டிக்கிட்டுப் போனவதான். இன்னும் கோபம் ஆறல, ஃப்ளாய்தான் ஆறிப்போச்சு.”

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு வரும். அவள் சொல்வதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அது பிடிக்காது. அடக்கம் முடிந்து காப்பி குடித்த மண்டபத்தில் அன்றைக்கு நானும் இருந்தேன். அம்மாவுக்கு நிறம் பிடிக்கும், செர்ரி பிடிக்கும், அழுதுகொண்டே எதற்குக் கறுப்பைத் தின்ன வேண்டும் என்று ஃபீன் நினைத்தாள். அது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வந்திருந்த பெரியம்மாக்கள் மேசையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி ஓடீலிடம் போய், “யாருக்குடி பிள்ள பொறந்திருக்கு?” என்று கேட்டாள். ஓடீல் மூத்தவள், அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டி உடுத்திவிட்டவள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு ஒரே ஊரில் இரண்டு கரையில் வாழ்ந்தார்கள், நடுவே மாஸ் ஆறு.

அந்த வேடிக்கைப் பேச்சை ஓடீல் ஒரு தடவை தன் காதாலேயே கேட்டுவிட்டாள். புளிக்கறி சாப்பிட வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்று வியாழக்கிழமை என்பது அவளுக்கு நினைவில்லை. கூட்டம் சிரித்தபோது அவள் தலை நிமிரவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து, போகிறபோது என்னிடம், “புளிப்பு கொஞ்சம் கம்மி, ஹூப்” என்று மட்டும் சொன்னாள். அன்று மாலையே நான் ஃபீனிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்தது. அடுத்த வாரமும் அதே பேச்சைத்தான் பேசினாள். “ஜனங்க அதுக்குத்தான் சிரிக்கறாங்க, நான் என்ன பண்றது?” என்றாள். வீம்புக்கு மருந்தில்லை.

பிறகு ஓடீலுக்கு வயிற்றில் வந்த புற்று ஈரலுக்குப் போய்விட்டது. நான் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வாரம் ஒரு தடவை சூப் எடுத்துக்கொண்டு போவேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பக்கத்து வீட்டுப் பூனைக்கு வைப்பாள். அந்த வாரம் பாதிகூடக் குடிக்கவில்லை. நான் எழுந்தபோது கையைப் பிடித்தாள்.

“ஃபீன்கிட்ட சொல்லு. ஞாயித்துக்கிழம வரட்டும்.”

“சொல்றேன்.”

“வரும்போது கறுப்பு ஃப்ளாய் ஒண்ணு வாங்கிட்டு வரட்டும்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் வீட்டுக்குக் கறுப்பு ஃப்ளாய் கொண்டுபோவதை எங்கள் ஊரில் பைத்தியக்காரன்கூடச் செய்ய மாட்டான். எனக்கும் அது குத்தலாகத்தான் பட்டது. அம்மாவுக்கு வைக்காததை எனக்காவது வை என்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அந்த வியாழக்கிழமை கூட்டம் போன பிறகு ஃபீனிடம் சொன்னேன்.

ஃபீன் மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“சாகப்போற நேரத்துலயும் அவ ஜெயிக்கணும்” என்றாள். துணியை வைத்துவிட்டு, “நீயும் வா, ஹூப். தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் நடுவில் அவளைச் சந்தித்தேன். காற்று சில்லென்று அடித்தது. அவள் கையில் நூல் கட்டிய அட்டைப்பெட்டி. கேட்காமலேயே சொன்னாள்.

“பால்சோறு வாங்கிட்டேன்.”

“அவ கறுப்புன்னாளே.”

“கடையில கேட்டேன் ஹூப். கறுப்பு ரெண்டு இருந்துச்சு, கண்ணு முன்னாடி. கையக் காட்டினேன். அந்தப் பொண்ணு மொகத்த ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு, ‘அடக்கம் எப்பங்க, எத்தன பேர் வருவாங்க, ரெண்டு போதுமா’ன்னு கேட்டா. அவ கேட்டதுல தப்பில்ல. ஆனா எங்கக்கா உசுரோட இருக்காளே. என் வாய் தானா ‘பால்சோறு குடு’ன்னுடுச்சு.”

திரும்பிப் போய் வாங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன். பால்சோறு ஃப்ளாய் திருவிழாப் பண்டம். மனசு நல்லதையே நினைத்து வாங்கியிருக்கிறாள், அதிலென்ன குற்றம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கூட நடந்தேன்.

ஓடீல் தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையைச் சீவி, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அம்மாவின் நீலக்கரை போட்ட தட்டுகள் இரண்டை எடுத்து வைத்திருந்தாள். எனக்காக எழுந்து மூன்றாவது தட்டைத் தேடப் போனவளை நான் தடுத்தேன்.

“குண்டாயிட்டே” என்றாள் தங்கையைப் பார்த்து.

“ஊர்ல உள்ளதெல்லாம் தின்னு காட்டறதுதானே என் பொழப்பு” என்றாள் ஃபீன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். இத்தனை சுலபமா என்று எனக்குத் தோன்றியது. ஃபீன் நூலை அவிழ்த்தாள். மூடி திறந்ததும் ஓடீல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். மஞ்சளாகச் சிவந்த பால்சோறு. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் நீட்டிய கழுத்து மெல்லப் பின்னுக்குப் போய்த் தலையணையில் சாய்ந்தது.

“கறுப்பு கெடைக்கலயா?”

“தீந்துபோச்சு.”

“தீந்துபோச்சுன்னா ஊர்ல யாரோ செத்திருக்காங்க” என்றாள் ஓடீல்.

ஃபீனின் சுற்றுலா வேடிக்கையை விட அது நல்ல வேடிக்கை. ஆனால் நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஃபீன் ஒரு துண்டை வெட்டி அக்காவின் தட்டில் வைத்தாள். சின்ன வயதில் ஓடீல் துண்டின் ஓரம் தன் பக்கம் வரும்படி தட்டைத் திருப்பி, அந்த மொரமொரப்பில் ஆரம்பித்து, பழம் நிறைந்த கூர்முனையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். ஃபீன் முனையிலேயே ஆரம்பித்து அவசரமாக முடித்துவிட்டு அக்காவின் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்வை பொறுக்காமல் ஓடீல் அந்த முனையைத் தங்கை வாயில் போட்டுவிடுவாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. இப்போது அவள் தட்டைத் திருப்பவில்லை. முனையில் ஒரு சின்ன விள்ளல் எடுத்து வாயில் வைத்து, வெகுநேரம் மென்றாள்.

“நல்லா இருக்கு” என்றாள், விருந்துக்குப் போன இடத்தில் சொல்கிற மாதிரி. கரண்டியை வைத்துவிட்டாள்.

ஃபீன் தன் தட்டைத் தொடவே இல்லை. “நீ என்னக் குத்திக் காட்டறேன்னு நெனச்சேன்” என்றாள் மெதுவாக.

“குத்தணும்னா உன் கூட்டத்துல வந்து ஒக்காந்தே குத்தியிருப்பேனே. எடந்தான் தெரியுமே எனக்கு.” ஓடீல் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அம்மாவுக்கு நாம ரெண்டு பேரும் ஒக்காந்து சாப்பிடல, ஃபீன். நீ செர்ரிய வெட்டிட்டு இருந்தே. நான் தெருவுல நடந்துட்டு இருந்தேன். அது அப்படியே நிக்குது. ஒக்காந்து ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டுட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவ்ளோதான். எனக்காகக் கேக்கல.”

அந்த அறையில் நான் இருந்திருக்கக் கூடாது. ஃபீன் குனிந்து துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தீர்ந்துபோகவில்லை, இருந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஓடீல் சிரித்துத்தான் இருப்பாள், என்னை ஓடிப்போய் வாங்கி வரச் சொல்லியிருப்பாள், ஞாயிறு மதியம்வரை கடை திறந்துதான் இருக்கும். ஆனால் சொன்ன பொய்யைத் திரும்ப எடுப்பது ஃபீனுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

“அடுத்த ஞாயித்துக்கிழம வாங்கிட்டு வரேன்” என்றாள்.

“சரி” என்றாள் ஓடீல். “சொல்லி வெச்சிடு. இல்லன்னா மறுபடி தீந்துடப் போகுது.”

ஃபீன் திங்கட்கிழமையே கடைக்குப் போய்ச் சொல்லி வைத்தாள். இது அடக்கத்துக்கு இல்லை, வெறுமனே சாப்பிட என்று அந்தப் பெண்ணிடம் சத்தமாகச் சொன்னாளாம். ஓடீல் வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

காப்பி மேசை முழுக்கக் கறுப்பாக இருந்தது. செர்ரி இல்லை, ஆப்ரிகாட் இல்லை, வேறு எதுவுமே இல்லை. மிச்சமிருந்த ஒரே பெரியம்மா மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் மொறையா செஞ்சிருக்கா” என்றாள். அவள் நல்லபடியாகத்தான் சொன்னாள். ஃபீன் ஒவ்வொருவர் தட்டிலும் தானே வைத்தாள், காப்பி ஊற்றினாள், பால் வேண்டுமா என்று கேட்டாள். தான் மட்டும் ஒரு விள்ளலும் தொடவில்லை. நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். நல்ல ப்ளம், நல்ல மாவு.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வழக்கம்போல வந்தாள், பின்னால் கூட்டம். குதிரைக்கறி என்று முதலிலேயே சொன்னாள். ஆனால் ஓடிக்கொண்டிருந்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு ஃப்ளாய் வந்தது. செர்ரி, ஆப்ரிகாட், பால்சோறு, கடைசியில் கறுப்பு. நான் கல்லாவுக்குப் பின்னால் கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அந்த வேடிக்கை வரப்போகிற இடம் எனக்கு மனப்பாடம். அவள் வாயைத் திறந்தாள், பிறகு கத்தியை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தாடிக்காரர் ஒருவர் தன் துண்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இத எப்பச் சாப்பிடுவீங்க?”

ஃபீன் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமைல” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஃபீன் மேசைக் கோடியில் உட்கார்ந்து தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைத் திருப்பினாள். ஓரத்து மொரமொரப்பிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக உள்நோக்கிச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். முனை வந்ததும் கரண்டியை வைத்துவிட்டாள். எழுந்து, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, குடையை உயரப் பிடித்தபடி ஆற்றுப் பக்கமாகப் போனாள்.

மேசையைச் சுத்தம் செய்ய வந்தேன். தட்டுகளை அடுக்கினேன், கோப்பைகளை எடுத்தேன், துணியை உதறினேன். அந்த ஒரு தட்டை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தேன். கறுப்பு முனை எதிர்நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது.