புடிச்சிருக்கா

...அப்படியானால் பிடித்த மீனை என்னதான் செய்வார்களாம்? வாசலில் எங்கள் மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டிவிட்ட தொப்பிக்காரம்மாவிடம் கேட்டே விட்டேன், திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், விட்டுவிடவா, அதற்கு எதற்கு நாள் டிக்கெட், எதற்கு மூன்று ஏரி, கரையெல்லாம் நம்பர் போட்ட பலகை மேடை... என் வீட்டுக்காரர் நசுருதீன் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், வண்டியின் பின்னால் ஐஸ்பெட்டி நிறைய ஐஸ், அதன் மேல் ஜிப் பையில் நான் காலையில் அரைத்த மசாலா, செதில் சீவுகிற கத்தி வேறு. மீன் பிடிக்கப் போகிறோம் என்றால் மீனோடு திரும்பி வருவோம் என்று நினைத்தது ஒரு குற்றமா? நசுருதீன் வாயைத் திறக்கப் போனார், திறந்தால் பையனின் வாப்பாவிடம் அந்த ஐஸ்பெட்டிக் கதையை முழுசாகச் சொல்லிவிடுவார், பெண்வீட்டார் லட்சணம் ஏரி வாசலிலேயே தெரிந்துவிடும், கண்ணாலேயே அடக்கினேன். மீன் பார்க்கவா வந்திருக்கிறோம். என் மகள் மலீஹாவுக்கு இந்த இர்ஃபானைப் பிடித்திருக்கிறதா இல்லையா, அதை மட்டும் தெரிந்துகொண்டு போக வந்திருக்கிறோம், அதுவும் இன்றைக்கே, இந்த கேட்டைச் சாத்துவதற்குள்.

வீட்டில் வைத்துப் பார்த்திருக்கலாம், மனிதர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், ஆனால் இவள் நோ ட்ரே உம்மா என்றுவிட்டாள், ட்ரே தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டாளாம், ரெஸ்டாரண்டும் வேண்டாமாம், எல்லோரும் தன் வாயையே பார்ப்பார்களாம். இருபத்தாறு வயது, பார்மஸிஸ்ட், மருந்து வாங்க வருகிற கிழவர்களிடமெல்லாம் நின்று நிதானமாகப் பேசுகிறவள், கல்யாணப் பேச்சு எடுத்தால் மட்டும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். அந்தப் பையன்தான் இந்த இடத்தைச் சொன்னானாம், அவர்கள் காப்பெல்லிலிருந்து வர வேண்டும், நாங்கள் சுகர் லேண்டிலிருந்து வர வேண்டும், ஃப்ரீவேயில் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிக்க வேண்டாம், பேச ஒன்றும் இல்லையென்றால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்றானாம். அட் லீஸ்ட் ஹீ இஸ் ஹானஸ்ட் என்றாள் இவள். எனக்கு அது ஹானஸ்டாகப் படவில்லை, சோம்பேறித்தனமாகப் பட்டது, ஆனால் சொல்லவில்லை... எதையாவது சொல்லி, அதனாலேயே இவள் வேண்டாம் என்றுவிட்டால்? ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. ஒருவன் ஜூமில் வந்து சம்பளம் கேட்டான், இன்னொருவன் பேசவே இல்லை, அவன் அம்மாதான் பேசினாள். இது மூன்றாவது, நல்ல இடம், நல்ல மனிதர்கள், அல்லாஹ்வே, இதுவும் தட்டிப்போய்விடக் கூடாது, காலையிலிருந்து அந்தப் பயம்தான்.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தால் எங்கே போவது, கரை முழுக்க யாராவது ஒருவர் அசையாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சத்தம் போட்டு நடந்தால் திரும்பி முறைக்கிறார்கள், செருப்புச் சத்தம் மீனுக்குக் கேட்குமாம். ஒரு தடவை பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்தாயிற்று, இன்னொரு தடவை போனால் எனக்கு சுகர் என்று நினைத்துக்கொள்வார்கள். போனில் சிக்னல் இல்லை. பக்கத்து நாற்காலியில் ருக்கையா லாத்தா, பையனின் உம்மா, நான் கொண்டுவந்த தொதலைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளித் தின்றுகொண்டிருக்கிறார், எப்படிக் கிண்டுவது என்று கேட்டார், சொன்னேன், எதைச் சொன்னேன் என்று தெரியவில்லை, தேங்காய்ப் பாலை விட்டுவிட்டேனோ. கார் நிறுத்திய இடத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார், "தப்பா நெனச்சுக்காத ஹபீஸா, நியூ ஜெர்சில ஒரு எடம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, இன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எங்களுக்கும் நிம்மதி." ஒரு வார்த்தைதான். என்னிடம் இருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேன். அது அங்கே, தண்ணீரை ஒட்டிய மேடையில், தலையில் சுற்றிய சாம்பல் நிற ஷாலை இழுத்து விட்டுக்கொண்டு, கையில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் அவன். இருவருக்கும் நடுவில் மண்புழு டப்பா. பேசுகிறார்களா? உதடு அசைகிறது. சிரித்தாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

போனேன், பொறுக்க முடியாமல் போயே விட்டேன், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, தாகமாக இருக்கும் பாவம் என்கிற முகத்தோடு. பையன் கொஞ்சம் தள்ளி முழங்காலில் உட்கார்ந்து முள்ளில் புழுக் கோத்துக்கொண்டிருந்தான், முதுகு என் பக்கம். இதுதான் சமயம் என்று குனிந்து காதோடு கேட்டேன், "புடிச்சிருக்கா?" அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல உம்மா. இன்னும் இல்ல" என்றாள். அதற்குள் அவன் திரும்பி, "டைம் ஆகும் ஆன்ட்டி, இதுல அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது" என்று சிரித்தான். யா அல்லாஹ், எதற்குச் சிரிக்கிறான், எதைச் சொல்கிறான், அந்தத் தூண்டில் தக்கையைப் பற்றியா, தன்னைப் பற்றியா? ஆமாம் தம்பி, ஆமாம், என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினேன், பாட்டிலைக் கொடுக்க மறந்து கையிலேயே கொண்டுவந்துவிட்டேன். நசுருதீன், "என்னவாம்?" என்றார். "இல்லையாம்." "என்ன இல்லையாம்?" "தெரியல." மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அலாவுதீன் காக்கா பக்கம், அதாவது பையனின் வாப்பா பக்கம், திரும்பி, விட்ட இடத்திலிருந்து தன் ஆபீஸ் பைப்லைன் கதையைத் தொடர்ந்தார், எப்படித்தான் முடிகிறதோ இந்த ஆண்களுக்கு. ருக்கையா லாத்தா தொதலைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மீன் இன்னும் மாட்டலையாம்" என்றேன், குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

இங்கிலீஷில் கேட்டிருக்க வேண்டும். இங்கிலீஷில் இந்தக் குழப்பம் கிடையாது, மீனுக்கு ஒரு வார்த்தை, பையனுக்கு ஒரு வார்த்தை, தமிழில்தான் இரண்டுக்கும் ஒரே பிடி. இவளும் எப்போதும் இங்கிலீஷில்தானே பதில் சொல்வாள், நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள், அதுதான் எங்கள் வீட்டுப் பாஷை, இன்றைக்கென்று பார்த்துத் தமிழில் சொல்கிறாள். ஏன்? அவன் பத்து வயதில் வந்தவன், தமிழ் நன்றாகப் பேசுகிறான், அவன் முன்னால் பேசிக் காட்டுகிறாளா? அப்படிக் காட்டுகிறாள் என்றால் அது நல்லதுதானே, பிடித்தவன் முன்னால்தானே காட்டத் தோன்றும்... ஆனால் இன்னும் இல்லை என்றாளே. இன்னும் என்றால் இனிமேல் என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறது. இவள் தமிழை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது, வாப்பா வந்துச்சு என்பாள், நாய் வந்தாங்க என்பாள். என்னை யாரும் புடிச்சிருக்கா என்று கேட்டதில்லை. நிக்காஹ் அன்று கேட்டார்கள், சம்மதமா என்று, சாட்சி சொல்ல இரண்டு பேர் கதவுக்கு வெளியே நிற்க, கேட்டது என் மாமா, நான் குனிந்த தலை நிமிரவில்லை, வெட்கம்தான் சம்மதம் என்று ஒரு பெரியம்மா சத்தமாகச் சொன்னார், வெளியே போய்விட்டார்கள். சம்மதமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பேசாமல் இருந்தாலே போதும். நசுருதீனை எனக்கு எப்போது பிடித்துப்போயிற்று? நாள் கிழமை சொல்ல முடியாது, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான், இதோ, விடப்போகிற மீனுக்காக ஐஸ் உருகுகிறதா என்று காருக்கும் இங்கேயுமாக நடக்கிற இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதுவும்கூட கீழக்கரையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததால் இருக்கலாம், எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார், நான் என் கட்டிலைவிட்டு நகரவில்லை, என் உம்மா அடுத்த அறையில் இருந்தார், புதுசாக வந்து திருதிருவென்று முழித்தவர் அவர்தான். விசா வந்து இங்கே புறப்பட்டதெல்லாம் அப்புறம். இவர்கள் மேலப்பாளையம். அங்கே பெண்தான் போக வேண்டும். காப்பெல் ஒன்றும் சந்திரமண்டலம் இல்லை, காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், டிராஃபிக் இல்லாமல் இருந்தால்.

யாரோ கத்தினார்கள். கத்தியது மலீஹா. தூண்டில் வில்லாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், கால் வழுக்குகிறது, எல்லோரும் ஓடினோம், முறைக்கிறவர்கள் முறைக்கட்டும். "தம்பி, நீங்க வாங்கிக்கங்க, அவளுக்குத் தெரியாது" என்று நசுருதீன், "ராடைப் புடிடா இர்ஃபான்" என்று அவன் வாப்பா, நானும் ஏதோ கத்தினேன். அவன் தூண்டிலைத் தொடவில்லை. வலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்குக் கொஞ்சம் பின்னால் போய் நின்றான். "லைனை விடுங்க, ஓடட்டும்... பரவாயில்ல, ஓடட்டும்... இப்ப சுத்துங்க. அவங்களே எடுப்பாங்க வாப்பா, சும்மா இருங்க." அவங்களே எடுப்பாங்க. என் மகளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கிறேனா, இல்லை, ஸ்டியரிங்கை நானே பிடித்துக்கொண்டுதான் அவளுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தேன். கெண்டை, பொன்னிறத்தில், ஒரு கைக்குழந்தை அளவுக்கு இருந்தது, வலையில் ஏந்தி, மீனுக்கென்றே விரித்திருந்த ஈர மெத்தையில் கிடத்தினான், முள்ளை எடுத்தான், வாயில் பட்ட காயத்துக்கு ஒரு சின்ன பாட்டிலிலிருந்து மருந்து தொட்டு வைத்தான், மீனுக்கு மருந்து, இந்த நாட்டில் இன்னும் என்னென்ன பார்க்கப்போகிறேனோ. படம் எடுக்கட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள், அவன் மறுபேச்சில்லாமல் போனைப் பைக்குள் போட்டான். அவளே மெத்தையோடு தூக்கித் தண்ணீருக்குக் கொண்டுபோனாள், கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தாள், அப்புறம் எடுத்தாள். அது உடனே போகவில்லை. பிறகு போயிற்று.

எல்லோரும் நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள், ருக்கையா லாத்தா மட்டும் போகிற போக்கில் என் கையை லேசாக அழுத்திவிட்டுப் போனார், அதில் கேள்வி இருந்தது, மணி ஆகிறது என்பதும் இருந்தது. மலீஹா ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமல் என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. நான் எதையும் கேட்கவில்லை, அவளாகவே, தமிழில், மெதுவாக, "உம்மா, புடிச்சிருக்கு" என்றாள். மீன் என்றால் புடிச்சேன் என்றோ புடிச்சிருக்கேன் என்றோ அல்லவா சொல்ல வேண்டும், புடிச்சிருக்கு என்றால்... ஆனால் நாய் வந்தாங்க என்கிற வாயாயிற்றே, இந்த ஒரு முடிவெழுத்தை வைத்துக்கொண்டு ருக்கையா லாத்தாவிடம் போய் என்ன சொல்வது, "மீனா?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு?" என்றாள். "எனக்கென்ன?" "உங்களுக்கு புடிச்சிருக்கா, உம்மா?"

அந்த உங்களுக்கு-வில் ஒரு பிசகும் இல்லை. மீன் பிடித்ததை அப்படிக் கேட்க முடியாது. நான் அழுதுகொண்டே அவளைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும், அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், இதற்காகத்தானே காலையிலிருந்து இருப்புக் கொள்ளாமல் தவித்தேன். ஆனால் அந்தப் பயம் போகவில்லை, கூடிற்று. அவள் வேண்டாம் என்றிருந்தால் ஐஸ்பெட்டியை வைத்துக் கேலி பண்ணிக்கொண்டே மூன்று பேருமாக வீட்டுக்குப் போயிருப்போம், அவள் பின் சீட்டில் தூங்கியிருப்பாள்... இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்றா நான் இத்தனை நேரம் பயந்தேன்? பதிலுக்கு நிற்கிறாள். அப்பால் மேடையில் அவன் முழங்காலில் உட்கார்ந்து அந்த மெத்தையைக் கழுவிக்கொண்டிருக்கிறான், எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக, காதெல்லாம் சிவந்து. நானும் தேடித் தேடிப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளையிடம் பிடிக்காமல் போவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.