தொடக்கூடாத மாடு

பிச்சமுத்து மாட்டின் முன்னங்காலை மறைத்துக்கொண்டு நின்றதே பிரேமலதாவுக்குச் சரியாகப் படவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். முழங்காலுக்குக் கீழே வீக்கம். அழுத்தியதும் மாடு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"சட்டப்படி இதை ஜல்லிக்கட்டுல அவுக்க முடியாதுங்க" என்றாள்.

மருங்காபுரிப் பக்கத்து ஊர் அது. கைலாசபுரத்தில் வளர்ந்த கால்நடை டாக்டரான அவளுக்கு அங்கே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதுவரை சளசளத்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"டாக்டரம்மா, இது கோயில் மாடு" என்றார் பிச்சமுத்து. அதற்குத் தீனி வைத்து வளர்ப்பவர் அவர்தான். "இது போகாம ஜல்லிக்கட்டே கிடையாது. யாரும் இதைப் பிடிக்க மாட்டாங்க, தொடக்கூட மாட்டாங்க. கும்பிட்டு வழி விட்டுருவாங்க. சும்மா நடந்து போயிடும்மா."

ஊரோடு பகைத்தால் வேரோடு கெடும் என்பது டாக்டருக்குப் படித்தவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். யாரும் தொடாத மாட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு தலையாட்டிவிட்டாள். தேறத்தான் இல்லை.

வாடிவாசல் திறந்தது. மாடுபிடி வீரர்கள் ஒதுங்கிக் கைகூப்பினார்கள். வெளியே வந்த கோயில் மாடு களத்தில் பரப்பியிருந்த தேங்காய் நாரில் கால் வைத்ததும் முன்னங்கால் மடங்கி, வாசலுக்கு நேர் எதிரே விழுந்தது. எழப் பார்த்தது. முடியவில்லை.

"ஓரமா இழுங்க! யாராவது இழுங்க!"

தடுப்பின் மேல் ஏறி நின்று பிரேமலதா கத்தினாள். அத்தனை இளவட்டத்தில் ஒருவனும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பிச்சமுத்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதாரே தவிர, ஓரடி முன்னே வைக்கவில்லை.

உள்ளே அடுத்த காளைக்கு மூக்கணாங்கயிற்றை அறுத்தாகிவிட்டது. அறுத்த பிறகு அதை நிறுத்தி வைக்க எவனாலும் ஆகாது. வாசல் கட்டைகள் அதிர்ந்தன.

அவள் குதித்து ஓடினாள். திமிலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"ஐயோ, தொடாதீங்கம்மா! ஊருக்கு ஆகாது!" என்றார் பிச்சமுத்து.

அப்போதுதான் கூட்டம் வாய் திறந்தது. மாடு விழுந்தபோது வராத கூச்சல், அவள் தொட்டதும் வந்தது. மாட்டின் மூச்சு அவள் கையில் சுட்டது. இதை அவிழ்க்கவிட்டவள் நான்தானே என்று நினைத்தவள் மறுபடியும் திமிலைப் பிடித்து இழுத்தாள்.

வாசலுக்குள் கறுப்பாய் ஒன்று திரும்பியது. கும்பிட்ட கைகளெல்லாம் தடுப்புக் கம்பைப் பற்றி மேலே ஏறின. அந்தக் காளை வெளியே பாய்ந்தபோது களத்தில் அவளும் கோயில் மாடும்தான்.