மடிப்புச் சித்திரத்தின் உயரம்

அன்று காலை பதினொரு மணிக்கு அக்காவும் தம்பியும் மேசை முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி நூலகத்தின் அரிய சேகரிப்புப் பிரிவில் அவள் படங்களைப் பட்டியலிடுபவள், அவன் புத்தகங்களை. மேசைமேல் கிடந்ததோ இரண்டு அட்டைகளுக்கு நடுவே விசிறிபோல் மடிந்த ஒரே நீளத் தாள். மூடினால் புத்தகம். விரித்தால் ஓர் ஆறு, ஊற்றிலிருந்து கடல் வரை.

“முதுகு இல்ல, தையல் இல்ல, ஒரு எழுத்துகூட இல்ல. இது படம்டா.”

“அட்டை இருக்கு, புரட்டலாம், அலமாரில நிக்குது. வேற என்ன வேணும், கால் முளைச்சு நடக்கணுமா?”

“நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால்.”

“உன் முயலுக்கு அதுவும் கிடையாதுக்கா.”

உயரத்தில் மட்டும் சண்டை இல்லை. அவன் ஸ்கேலை வைத்தான். இருபத்திரண்டுக்கு மேல் ஒரு நூலளவு. மிச்சம் எவ்வளவு சின்னதானாலும் அடுத்த முழு எண்ணாக எழுதுவதுதான் பட்டியல் விதி. விவரச் சீட்டில் பென்சிலால் ‘23 செ.மீ.’ என்று எழுதினான்.

“என்ன வகைன்னு சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம். அப்பதான் தெம்பா திட்ட முடியும்.”

படியிறங்கினான். பாதிப் படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். யாரோ தேநீர் கொடுத்தார்கள், குடித்தாள். சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா, தெரியவில்லை. பிரிவுத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த மடிப்பு ஒண்ணுதாம்மா பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது ஒரு வகையில போட்டுடுங்க. புத்தகம்னே போட்டுடலாமே... தம்பி ஆசைப்பட்டது.”

அவளுக்கும் கை அங்கேதான் போனது. ஒரே ஒரு சொல். எழுதிவிட்டால் அவன் அலமாரிக்கே போய்விடும்.

கேரம் பலகை நினைவுக்கு வந்தது. அவனுக்கு அப்போது எட்டு வயது, காய்ச்சல். பாவம் என்று அவள் சிவப்புக் காயை வேண்டுமென்றே தவறவிட்டாள். அவன் பலகையையே கவிழ்த்துவிட்டான். “நீ தோக்குற மாதிரி நடிச்சா நான் ஜெயிச்சதா ஆயிடுமா?” இரண்டு நாள் பேசவில்லை.

வகை என்ற இடத்தில் ‘படம்’ என்று எழுதினாள். அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. விசிறி மடிப்பை மூடி, அவன் வைத்த அதே இடத்தில் ஸ்கேலை வைத்து, இன்னொரு முறை அளந்தாள்.

இருபத்திரண்டுக்கு மேல் ஒரு நூலளவு. சீட்டில் அவன் எழுதிய உயரத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.