அவசரத்துக்குக் கொடுத்த எண்

டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் இருந்த அந்த மென்பொருள் அலுவலகத்தில், கேன்டீன் மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேஜை தமிழர்களுக்கென்றே ஆகிப்போயிருந்தது. பன்னிரண்டரை மணிக்கு டப்பாக்கள் திறக்கும், வாய்களும் திறக்கும். சுற்றியிருக்கும் அமெரிக்கர்களுக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் அங்கே யாரைப் பற்றியும் எதையும் பேசலாம்.

மூன்று மாதமாகப் பேச்செல்லாம் மகிழைப் பற்றித்தான். கோபிச்செட்டிபாளையத்துப் பிள்ளை. "நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மகிழன் வேண்டாம், இனிமேல் மகிழ்னு கூப்பிடுங்க" என்று டீம் மீட்டிங்கில் அறிவித்தபோது, அமெரிக்கர்கள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த மேஜைதான் இன்னும் மென்று முடிக்கவில்லை. மகிழ் இப்போதெல்லாம் காரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

"இன்னிக்கு கம்மல் என்ன டிசைன், பாத்தியா வான்மதி?" என்றார் மேனேஜர் பாலசுப்ரமணியன். "அடுத்த வாரம் உன் பட்டுப்புடவைய கேக்கப் போவுது, பத்திரமா வெச்சுக்க!"

மேஜை சிரித்தது. வான்மதியும் சிரித்தாள். அவளுடைய கிரீன் கார்டு பேப்பர் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"அத விடுங்க. நேத்து ஒரு நல்ல காரியம் பண்ணினேன்" என்று அவர் ஊறுகாயை வழித்து நக்கினார். "கோபிச்செட்டிபாளையத்துக்கு கால் பண்ணி, அவங்கப்பாகிட்ட எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டேன். நம்ம ஊர்ப் புள்ள கெட்டுப்போறத பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா?"

வான்மதி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "நம்பர் எப்படி கிடைச்சுதுண்ணா?"

"நீதானம்மா அனுப்பின!"

டீமின் விவரப் பட்டியல் அவள் பொறுப்பில் இருந்தது; போன வாரம் அதிலிருந்த அவசரத் தொடர்பு எண்களை அவர் கேட்டிருந்தார். ஏதோ அப்டேட் என்று நினைத்து அனுப்பிவிட்டாள். விபத்து, மாரடைப்பு என்றால் வீட்டுக்குச் சொல்வதற்காக நம்பிக் கொடுத்த எண்கள்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அடுத்த மாதம் மகிழின் தங்கைக்குக் கல்யாணம். "அது நல்லபடியா முடியட்டும்க்கா. அப்புறம் அம்மா பக்கத்துல உக்காந்து நானே சொல்லிக்கறேன்" என்று சொல்லி, மகிழ் டிக்கெட்கூடப் போட்டிருந்தார்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மகிழ் போனும் கையுமாக நேரே மேஜைக்கு வந்தார்.

"அப்பா பேசினாருங்க சார், நீங்க கால் பண்ணினதச் சொன்னாரு. கல்யாணத்துக்கு வர வேண்டாம்னுட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுபோயிருமாம்."

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு..."

"அம்மாகிட்ட எந்த வார்த்தைல சொல்றதுன்னு பல வருஷமா யோசிச்சேனுங்க. நோட்டுல எழுதி, அடிச்சு, மறுபடி எழுதி வெச்சிருந்தேன். நீங்க எந்த வார்த்தைல சொன்னீங்க?"

பாலசுப்ரமணியன் டப்பாவை மூடினார். அவர் எந்த வார்த்தைகளைச் சொல்லியிருப்பார் என்று மேஜையில் எல்லாருக்கும் தெரியும். தினமும் கேட்டுச் சிரித்தவைதானே?

எண்ணெய் மின்னும் அவர் உதடுகளைப் பார்க்க வான்மதிக்கு அருவருத்தது. அதைவிட, சற்றுமுன் தன் தொண்டையிலிருந்து வந்த சிரிப்பை நினைக்க அருவருத்தது. எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எச்.ஆர்.கிட்ட."

"உன் பேப்பர் என்கிட்ட இருக்கு வான்மதி. யோசிச்சுக்க."

"அத யோசிச்சுத்தான் மூணு மாசம் சிரிச்சேன். லிஸ்ட் அனுப்பினது நான்தான்னும் சேர்த்தே சொல்லப் போறேன்."

"அக்கா," என்றார் மகிழ், "அதனால எனக்குத் தங்கச்சி கல்யாணம் திரும்பக் கிடைக்காது."

"கிடைக்காதுதான். உன்கிட்ட மன்னிப்பு கேக்கற தகுதிகூட எனக்கில்ல." மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். யாரும் தலை நிமிரவில்லை. "தான் யாருங்கறத பெத்தவங்ககிட்ட எப்போ சொல்லணும், எப்படிச் சொல்லணும்ங்கறது அந்தப் புள்ளையோட உரிமை. அதத் திருடிட்டு, அக்கறைன்னு பேரு வெச்சிருக்காரு இவரு. திருடினது ஒருத்தர்தான். ஆனா பயத்துல சிரிச்சாலும் சரி, சும்மா சிரிச்சாலும் சரி, பக்கத்துல உக்காந்து சிரிச்ச நாம எல்லாரும் அதுக்குக் கூட்டுதான்."